நூலாம்படை மேடமும் தயாராகாத தோலும்

விருதுநகர் மாவட்டத்தில் வெடிபொருள் உரிமம் இல்லாமல் தினமும் வெடித்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் பொறியியல் கல்லூரியில் அவரை நூலாம்படை மேடம் என்போம். நான் இயற்பியல் துறை. அவருடைய ஆய்வகத்துக்கு அடுத்த அறை என்னுடையது. நடுவில் சுவர் இருந்தது என்று பெயர். அவர் யாரை வைதாலும் பாதி என் காதில்தான் விழும்.

மல்லாங்கிணற்றில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "இங்கனதான் காத்து காஞ்சு கெடக்கு" என்பார். அவருடைய எந்திரத்துக்கு ஈரம் ஆகாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊசி, அதில் பாலிமர் கரைசல், ஊசிமுனையில் பயங்கரமான மின்னழுத்தம். சொட்டு கீழே விழாமல் நூலாக இழுபட்டுப் பறந்து எதிரே சுற்றும் உருளையில் படியும். தலைமுடியைப் பல நூறாகக் கீறினால் வரும் தடிமன். காற்றில் ஈரம் ஏறினால் நூல் மணி மணியாக முடிச்சு விழும். எங்கள் பக்கம் மழையைத் திட்டுகிற கூட்டம் இரண்டுதான். ஒன்று பட்டாசு கம்பெனிக்காரர்கள், இன்னொன்று மேடம். அவர் அறைக்குள் டீ கொண்டுபோகக் கூடாது. நனைந்த குடையோடு வந்த முதல்வரையே வாசலில் நிறுத்தி, "குடைய அங்கன வச்சுட்டு வாங்க, இல்ல குடையோட அங்கனயே இருங்க" என்றார்.

பெயர் வந்த கதை வேறு. துப்புரவு வேலை பார்க்கும் பேச்சியக்கா ஒருநாள் உருளையைச் சுற்றி வெள்ளையாகப் படர்ந்திருந்ததைத் துடைப்பத்தால் சுத்தமாக அடித்துவிட்டார்.

"நூலாம்படையா இருந்துச்சு மேடம். அதான் அடிச்சேன்."

அன்றைக்கு மேடம் போட்ட சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டது. ஓய்ந்த பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அவ மேல தப்பு இல்ல சார். நூலாம்படையா தெரிஞ்சாத்தான அது நல்ல நூலு." முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அந்த நூல் எதற்கு என்பதையும் எனக்கு வைதுதான் புரியவைத்தார். "பாகற்கொடிக்குப் பந்தல் போடுவீகளா மாட்டீகளா? உடம்புல இருக்கிற செல்லும் அந்த மாதிரிதான். பிடிச்சு ஏற எடம் வேணும். இது அதுக்குப் பந்தல். கொடி தானா நின்னுக்கிட்டா பந்தல் கரைஞ்சு போயிரும்." அறுவை சிகிச்சையில் கரைகிற தையல் போடுகிறார்களே, அந்த இனத்துப் பாலிமர். தீக்காயத்தின் மேல் இந்தப் படலத்தை விரித்து, அதில் நோயாளியின் செல்களையே வளர்த்துத் தோலாக்க வேண்டும் என்பது அவர் கனவு. சிவகாசிப் பக்கத்தில் இந்தக் கனவு யாருக்கும் விளக்கம் கேட்காமல் புரியும்.

படலங்களைச் சோதிக்க மதுரை ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோவார். பெட்டிக்குத் தனி சீட்டு, தனி டிக்கெட். நானும் ஒருமுறை கூடப் போனேன். கண்டக்டர் கேட்டார்: "பெட்டில என்னம்மா?"

"தோலு வளர்ற எடம்."

அதன்பின் மதுரை வரும்வரை கண்டக்டர் எங்கள் பக்கம் வரவில்லை.

கண்ணாடித் தட்டில் செல்கள் ஒட்டிக்கொண்டன. எலிகளில் சோதனை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மனிதர்களுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் எங்கள் தாளாளருக்குத் தெரிந்துவிட்டது. அட்மிஷன் நேரம். நிருபரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பரில், 'தீக்காயத்துக்குச் செயற்கைத் தோல் தயார்' என்று மேடத்தின் படத்தோடு வந்தது. மேடம் அதைக் கசக்கிக்கொண்டு போனபோது தாளாளர் சிரித்தாராம். "ஒரு வார்த்தை கூடுதலாப் போச்சுன்னா என்ன மேடம், நமக்கும் பேருதான."

அந்த ஒரு வார்த்தை அடுத்த மாதம் நடந்து வந்தது. அச்சங்குளத்திலிருந்து முத்துலட்சுமி என்ற பெண். பட்டாசு ஆலை விபத்தில் வலது கை வெந்து, ஆறிய தழும்பு சுருங்கி, விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோலெடுத்து வைக்க நாள் குறித்திருந்தார்கள். அவர் போகவில்லை.

"தொடையில வெட்டாமலே புதுத்தோலு இங்கன வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாகள்ல, அதான் இருந்துக்கிட்டேன்" என்றார்.

மேடம் வையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கையை மெல்லப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். நிமிரவில்லை. முத்துலட்சுமியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நேரே தாளாளர் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அங்கே ஒரு பட்டாசு கம்பெனி முதலாளி உட்கார்ந்திருந்தார். பாராட்டு விழாவுக்குச் செலவு அவருடையது.

"இவுகளுக்கு நீங்களே சொல்லுங்க. எப்பம் தோலு குடுப்பீக?" என்றார் மேடம்.

தாளாளர் நெளிந்தார். "பெறகு பேசிக்கிருவோம் மேடம்."

"பெறகு இந்தக் கை நிமிராது."

முதலாளி சமாதானமாகச் சொன்னார்: "விடுங்க டீச்சர். சனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல."

"நம்பிக்கை குடுக்கணும்னா உங்க ஆலையில மருந்து அடைக்கிற ரூம்புல, சட்டத்துல சொன்னபடி நாலு பேருக்கு மேல உக்கார வைக்காதீக. கை வெந்த பெறகு தோலு குடுக்க நான் பாத்துக்கிடுதேன். வேகாம இருக்க நீங்க என்ன செஞ்சீக?"

முத்துலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அப்பம் தோலு இல்லையா?"

"இல்லம்மா. இன்னும் இல்ல. பேப்பர்ல பொய் போட்டுட்டாக. என் படத்தையும் போட்டு." அந்தக் குரலை நான் அதுவரை சுவருக்கு இப்பாலிருந்து கேட்டதே இல்லை.

மறுநாளே என் காரில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிறவரிலிருந்து டாக்டர் வரை மேடம் யாரையும் விடவில்லை. வசவு தாங்காமலோ, கையைப் பார்த்ததாலோ, சீக்கிரமே நாள் கொடுத்தார்கள். தழும்பை விடுவித்து, தொடைத் தோலை வைத்தார்கள். மூன்று விரல்கள் நிமிர்ந்தன. இரண்டு பாதிதான். தள்ளிப் போட்டதால் வந்தது என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு விரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் கேட்டார்கள் அந்தத் தலைப்பை? தாளாளர் இன்றைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேப்பரில் மறுப்பு வந்தது, கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடிக்காரர்கள் படிப்பதற்கு.

விழா ரத்தாயிற்று. மேடத்தின் அறை அட்மிஷன் ஆபீஸாயிற்று. எந்திரத்துக்குத் தார்ப்பாய் போர்த்தி, அவரை முதலாண்டு வேதியியலுக்கு அனுப்பினார்கள். ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளை வைதார். பிறகு மதுரை ஆய்வகம் எந்திரத்தோடு அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. எலிகளுக்குப் புண் நன்றாக ஆறுகிறதாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நிருபர் என்றால் கதவே திறப்பதில்லை.

முத்துலட்சுமி ஆலைக்குத் திரும்பவில்லை. காரியாபட்டியில் தங்கையின் கடையில் இருக்கிறார். விரல் பயிற்சி செய்தாயா என்று மேடம் வாராவாரம் போன் செய்து வைகிறாராம். "அவுக வையலைன்னா என்னமோ ஏதோன்னு இருக்கு சார்" என்றார் என்னிடம்.

போன வாரம் எனக்குக் கடுமையான பல்வலி. வீட்டில் கூடச் சொல்லவில்லை. மேடத்துக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். இத்தனை நாள் டாக்டரிடம் போகாமல் என்ன புடுங்கினீர்கள் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வலி குறையவில்லை. ஆனாலும் போனை வைக்க மனசு வரவில்லை.