மணப்பெண் நாற்காலியில் நஜாத்

"அரை மணி நேரம் உட்கார்ந்தா போதும், மகளே. அதுக்குள்ள அவளத் தேடிப் பிடிச்சிருவோம்," என்றார் ஹாஜி மஹ்ரூஸ். தந்தா நகரத்தில் குழாய், குளியல் தொட்டி விற்க நாலு கடை வைத்திருப்பவர், கல்யாணத்துக்கு ஆட வந்தவளின் முன்னால் கைகட்டி நின்றார்.

அவள் பெயர் நஜாத். உடை மாற்றும் அறையில் பையை வைத்துவிட்டு, சமையற்கட்டில் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் மணப்பெண்ணான ஹாஜியின் மகள் தஹானியைக் காணவில்லை. வெள்ளை உடை மட்டும் கட்டிலில் கிடந்தது. நஜாத்தோ மூக்கு, முழி, மோவாயில் விழும் குழி வரை தஹானியை உரித்து வைத்திருந்தாள்.

கல்யாணம் என்றாலே காத தூரம் ஓடுகிறவள் அவள். புருஷன் வந்தால் ஆட்டம் போய்விடும் என்று இதுவரை பதினோரு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளுடைய தபேலாக்காரன் ரமதானே நாலு தடவை கேட்டு, நாலு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆனாலும் ஹாஜியின் மனைவி அழுத அழுகையில் மனம் இளகிவிட்டது. சும்மா உட்காருவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே மாப்பிள்ளையின் தாய் ஹாஜ்ஜா வஸ்ஃபிய்யா வந்து கன்னத்தைக் கிள்ளி, வாயில் இரண்டு சர்க்கரை பாதாமைத் திணித்துவிட்டு, ஆட்டக்காரி எங்கே என்று கேட்டாள். ஆட்டம் இல்லாமல் தன் மகனின் நிக்காஹ் நடக்காதாம்.

ஹாஜிக்கு ஒரு யோசனை தோன்றியது. மணப்பெண்ணுக்கு மயக்கம் என்று சொல்லி நஜாத்தை உள்ளே அழைத்துப் போனார். மணி தைத்த ஆட்ட உடையில், கண்ணுக்குக் கீழே முகத்திரையோடு அவள் வெளியே வந்தாள். ரமதானைக் காணோம். தாளம் இல்லாமல், அக்கார்டியன்காரர் இழுத்த இழுப்புக்கெல்லாம் இடுப்பை ஒடித்தாள். கூட்டம் கைதட்டியது.

அதற்குள் மயங்கிய மருமகளைப் பார்க்க வஸ்ஃபிய்யா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு அறைக்குக் கிளம்பிவிட்டாள். அவர் பல் டாக்டர். நஜாத் பின்வழியாக ஓடி, ஆட்ட உடைக்கு மேலேயே வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். டாக்டர் நாடி பார்த்தார். ஆடிவிட்டு ஓடிவந்த நாடி. அவர் முகம் வெளுத்துப்போய், கடும் காய்ச்சல், பெண் ரொம்ப நேரம் தாங்கமாட்டாள் என்று அக்காவின் காதில் சொன்னார்.

"அப்படின்னா இப்பவே முடிச்சிரலாம். ஷேக்கை இங்கயே கூப்பிடுங்க," என்றாள் வஸ்ஃபிய்யா.

ஹாஜி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நிக்காஹ் பதிவு செய்யும் ஷேக் பஸ்யூனி மூச்சு வாங்க வந்தார். வழியில் அவசரமாக ஒரு நிக்காஹ் வந்து மாட்டிக்கொண்டதால் தாமதமாம். தஹானியின் அடையாள அட்டையைப் பார்த்தார், நஜாத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். ஹாஜிக்கு வியர்த்தது. ஷேக் தலையை உதறிக்கொண்டு பதிவேட்டைத் திறந்து, மைப்பெட்டியை நீட்டி, கட்டைவிரலைக் கேட்டார்.

அப்போதுதான் நஜாத்துக்கு விஷயம் உறைத்தது. பதினோரு பேரிடமிருந்து தப்பியவள், முகம் தெரியாத பன்னிரண்டாவது ஆளுக்கு, அதுவும் யாரோ ஒருத்தியின் பெயரில், பெண்டாட்டியாகப் போகிறாள்.

"நான் தஹானி இல்ல. நான் ஆட வந்தவ, என் பேரு நஜாத்," என்றாள்.

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்றார் பல் டாக்டர். பயத்தில் எல்லாப் பெண்ணும் இப்படித்தான், தானும் முதலிரவில் தன் பெயரை மறந்தவள்தான் என்றாள் வஸ்ஃபிய்யா. நஜாத் பாய்ந்து தன் பையைக் கவிழ்த்தாள். பவுடர், சீப்பு, ஊசி நூல், பாதி தின்ற எள்ளுருண்டை எல்லாம் கொட்டின. அவளுடைய அடையாள அட்டை மட்டும் இல்லை.

"பார்த்தீங்களா, அட்டையே இல்ல. இவ எம் பொண்ணுதான்," என்றார் ஹாஜி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

வேறு வழி தெரியவில்லை. நஜாத் வெள்ளை உடையைக் கழற்றி வீசினாள். மணிகள் பளபளக்க நடு அறையில் நின்று, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, தோளை உலுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றாள். தந்தாவில் எந்த வீட்டு மணப்பெண்ணுக்கும் அந்த ஆட்டம் வராது.

வஸ்ஃபிய்யாவின் வாயிலிருந்த பாதாம் கீழே விழுந்தது. ஹாஜி தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நஜாத் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

ஷேக் பஸ்யூனி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பதிவேட்டில் முந்தின பக்கத்தைத் திருப்பினார்.

"அப்போ ஒரு மணி நேரத்துக்கு முன்னால, இதே முகத்தோட, நஜாத்னு அட்டையக் காட்டி, ரமதான்னு ஒரு தபேலாக்காரனைக் கட்டிக்கிட்டு ரேகை வெச்சிட்டுப் போனது யாரும்மா?"