சுவிட்சைப் போட்டால் தெரியும்

"இன்னொருத்தரும் நைசா எழுந்து போயிட்டாருங்க," என்றாள் பல் டாக்டரின் மனைவி. க்ளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள்தான்.

எல்லாம் நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பால் வந்த வினை. டாக்டர் பல் பிடுங்குவது வெளியே காத்திருப்பவர்களுக்கு அப்படியே தெரிந்தது. இந்த மாதமும் இப்படியே போனால் க்ளினிக்கைப் பூட்டிவிட்டு மச்சானின் ஆஸ்பத்திரியில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அதற்குப் பதில் டாக்டர் தன் பல்லையே பிடுங்கிக்கொள்வார்.

கண்ணாடிக்காரர் வந்து ஒரு பிலிமை ஒட்டினார். "இதுக்குள்ள பொடிப்பொடியா திரவப் படிகத் துளி இருக்கு சார். கரண்ட் பாஞ்சா எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிக்கும், வெளிச்சம் நேரா போயிடும். கரண்ட் இல்லேன்னா ஆளுக்கொரு பக்கம்..."

"சுவிட்சு எங்க, அதைச் சொல்லுங்க."

மறுநாள் மறைப்பதற்காகச் சுவிட்சைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டினார். கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. வெளியே மூன்று பேர் காலி.

"போட்டா தெரியும், அணைச்சாத்தான் மறையும். அவர் சொல்லும்போது காது எங்க போச்சு?" என்றாள் மனைவி.

அணைத்தார். கண்ணாடி பாலாய் வெளுத்தது. ஆனால் நாற்காலிக்குப் பின்னாலிருந்த விளக்கு, டாக்டரின் நிழலை அதில் பெரிதாக விழ வைத்தது. இடுக்கி மட்டும் ஆள் உயரம்! இன்னும் நாலு பேர் செருப்பைத் தேடினார்கள்.

நிழலைக் குறைக்க நாற்காலியைக் கண்ணாடியை விட்டுத் தள்ளிப் போட்டார். அது விளக்குக்குக் கிட்டே போனதில் இடுக்கி கூரையைத் தொட்டது.

"விளக்கை அணைச்சிட்டா?"

"தப்பான பல்லைப் பிடுங்கிடுவேன்டி!"

ஒருவர் மட்டும் அசையவில்லை. தலை நரைத்த, கனத்த மனிதர். கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி தினமும் வருவார். கூப்பிட்டால், "அவங்க முதல்ல போகட்டும்மா, எனக்கு அவசரமில்ல," என்பார். ஒரு தைரியசாலியாவது இருக்கிறாரே என்று டாக்டருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை க்ளினிக்கில் நிற்க இடமில்லை. டாக்டர் முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டு, "உங்க வேலையை நீங்களே வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"முதல் ஆள் வாங்க!"

யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையிலிருந்த கனத்த மனிதர் கைக்குட்டையை எடுத்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"எங்க யாருக்கும் பல்லு வலி இல்லைங்க டாக்டர், நிழல் பாக்கத்தான் தெருவையே கூட்டிட்டு வந்திருக்கேன். நோயாளி வந்ததும் ஆரம்பிங்க, நாங்க இருக்கோம்."