ஜெராக்ஸ் அண்ணன் வண்டியை நிறுத்திய கதை

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரியாமலே ஓட்டுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். ஆனால் பிரமாதமாக ஓட்டத் தெரிந்து, நிறுத்த மட்டும் தெரியாமல் போன ஒரே மனிதர் எங்கள் அரூர் ஜெராக்ஸ் அண்ணன்தான். பூமிக்கு அடுத்தபடியாக நிற்காமல் சுற்றிய பெருமை அவரையே சேரும். பூமியாவது ஒழுங்கான பாதையில் சுற்றுகிறது.

தாலுகா ஆபீசுக்கு எதிரே அவர் கடை. அதே கட்டடத்தின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாணப் பத்திரிகையில்கூட ‘ஜெராக்ஸ் அண்ணன் குடும்பத்தார்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். மனு கொடுக்க வருகிறவர்களிடம், “ரெண்டு காப்பிதான் கேப்பாங்க, நீங்க நாலா எடுத்துக்குங்க, அவங்க தொலைக்கறதுக்கு ரெண்டு” என்று யோசனை சொல்வார். உயரம் கொஞ்சம் குறைவு. அவர் மனசு மட்டும் அந்தக் குறையை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒன்றை வாங்கி வந்து கடை முன்னால் நிறுத்தினார். வண்டி கடையை மறைத்தது. சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய இரண்டு கால்களில் ஏதாவது ஒன்றுதான் தரையைத் தொடும். அதுவும் கட்டைவிரல் மட்டும்.

“எதுக்குண்ணா இவ்ளோ பெரிய வண்டி?” என்று கேட்டேன்.

“கல்யாணமான புதுசுல உங்க அண்ணிகிட்ட, சித்தேரி மலைக்கு வண்டியில கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன் பாப்பா. பையன் காலேஜே முடிச்சிட்டான். இன்னும் போவலை. மலையேறணும்னா இந்த மாதிரி வண்டி வேணுமில்ல.”

அண்ணிக்கு வேறு பார்வை இருந்தது. “நான் எங்க கேட்டேன்? அவரே சொன்னாரு, அவரே மறந்தாரு, அவரே ஞாபகம் வெச்சு இப்ப அவரே வண்டி வாங்கிட்டு வந்து நிக்கறாரு” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் அந்தப் பெட்ரோல் டேங்கை ஒருமுறை துடைத்ததையும் நான் பார்த்தேன்.

முதல் வாரம் அண்ணன் சிங்கம்போல ஓட்டினார். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவில் போய்விட்டு ஒரு கீறல் இல்லாமல் திரும்பினார். அந்தச் சிங்கம் விழுந்தது தாலுகா ஆபீஸ் வாசலில், நடந்து போகிறவர்கள் முந்திச் செல்லக்கூடிய வேகத்தில்.

கடைக்கு வர வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஹேண்டில் பாரை முழுக்க ஒரு பக்கமாக ஒடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் ஜீப் ஒன்று வெளியே வர, மரியாதைக்காக முன் பிரேக்கைப் பிடித்தார். ஹேண்டிலை ஒடித்த நிலையில் முன் பிரேக் பிடிப்பதும், தூங்குகிற நாயின் வாலை மிதிப்பதும் ஒன்று. வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு வெயிலில் களைத்த எருமை மாதிரி, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அண்ணன் அதன் பக்கத்தில் நின்றபடி, ஹேண்டிலை விடாமல், மெல்லக் குனிந்து, கடைசியில் அதனோடு உட்கார்ந்தார்.

அன்றைக்கு மனுநாள். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று எல்லா வரிசையும் கலைந்து ஓடிவந்து வண்டியைத் தூக்கியது. அவருக்கு அடி ஒன்றுமில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, உண்மையாகவே ஒட்டவில்லை. ஆனால் பார்க்க அத்தனை பேர் இருந்தார்கள். சாயங்காலம்வரை ஆள் மாற்றி ஆள் கடைக்கு வந்து, “யானைக்கும் அடி சறுக்கும்ங்க” என்று ஆறுதல் சொன்னார்கள்.

“யானை சறுக்குனா சறுக்குட்டும்ங்க. அது நாளைக்கு முதுகுல சம்சாரத்தை ஏத்திக்கிட்டு மலைக்குப் போவணுமா என்ன?” என்றார் அண்ணன்.

மறுநாள் அவர் ஒரு தத்துவத்தோடு வந்தார். “நல்லா யோசிச்சுப் பாத்தேன் பாப்பா. வேகமா போறப்ப நான் விழவே இல்ல. நிறுத்தறப்பதான் விழுந்தேன். அப்ப ஓட்டறதுல ஒண்ணும் தப்பில்ல. நிறுத்தறதுலதான் தப்பு. அதை விட்டுட்டாப் போச்சு.”

விட்டுவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் எங்கும் நிற்கவில்லை.

முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டு வாசலில் ஒன்றும் கடை வாசலில் ஒன்றுமாகச் சிமெண்டில் திட்டு கட்டினார். அந்தத் திட்டில் காலை ஊன்றினால் வண்டி ஆடாமல் நிற்கும். உலகத்திலேயே அவரால் நிற்க முடிந்த இடங்கள் அந்த இரண்டுதான். நடுவில் உள்ள பூமி முழுவதும் அவருக்கு ஓடுபாதை. வலது பக்கம் திரும்பினால் எதிரே வருகிற வண்டிக்காக நிற்க வேண்டியிருக்கும் என்று இடது பக்கம் மட்டுமே திரும்பினார். கச்சேரிமேட்டில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போக அவர் ஊரையே ஒரு சுற்று சுற்றினார். தலைவலி மாத்திரை வாங்கப் போனவருக்கு, போய்ச் சேர்வதற்குள் தலைவலி தானாகவே விட்டுவிடும்.

டீக்கடைக்காரர் பழகிக்கொண்டார். அண்ணன் முதல் சுற்றில், “ஒரு டீ, சர்க்கரை கம்மி” என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த சுற்றில் காசு கைமாறும். அதற்கடுத்த சுற்றில் பார்சல் டீ பையில் கட்டி நீட்டப்படும். மொரப்பூர் ரயில்வே கேட்டில் மட்டும் தத்துவம் கொஞ்சம் உதைத்தது. கேட் மூடியிருந்தால் யாராயிருந்தாலும் நின்றுதானே ஆகவேண்டும்? அண்ணன் பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஜன்னலோரத்தில் இருப்பவரிடம் ஊர், பிள்ளைகள் படிப்பு, மாப்பிள்ளை வேலை எல்லாம் விசாரித்து முடிக்கும்போது கேட் திறக்கும். ஒரு பெண்ணுக்கு இப்படியே அவர் ஜாதகம் பொருத்திக் கொடுத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

உச்சக்கட்டம் நான்கு ரோட்டில் நடந்தது. புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். அண்ணன் வணக்கம் சொல்லிவிட்டு அவரைச் சுற்ற ஆரம்பித்தார்.

“யோவ், நிறுத்துய்யா.”

“நிறுத்த முடியாதுங்க சார். டாக்குமென்ட் எல்லாம் கரெக்டா இருக்குதுங்க.”

ஒரு சுற்றில் ஆர்.சி. புத்தகம் வந்தது. அடுத்த சுற்றில் இன்சூரன்ஸ். அதற்கடுத்ததில் லைசென்ஸ். எல்லாவற்றிலும் நான்கு நான்கு காப்பி, சார் வைத்துக்கொள்ளட்டும் என்று. சப் இன்ஸ்பெக்டரும் அவரைப் பார்த்தபடியே நின்ற இடத்தில் சுற்றியதில் அவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, “போய்யா. எங்கயாச்சும் போ. ஆனா போ” என்றார். அண்ணன் கடைசியாக ஒரு சுற்று வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒரு விஷயம் சிரிப்புக்கு அடியில் உறுத்திக்கொண்டே இருந்தது. யாருக்காக அந்த வண்டியை வாங்கினாரோ, அவர் இன்னும் அதில் ஏறவில்லை. அண்ணி சந்தைக்குப் போனால் பஸ்ஸில்தான் போனார். அண்ணன் பின்னாலேயே வண்டியில் போய், பஸ்ஸை இரண்டு முறை முந்தி, டாட்டா காட்டிவிட்டு வருவார்.

கடைசியில் ஒருநாள் கடைக்கே வந்து அண்ணி கேட்டுவிட்டார். “டவுன் பஸ்ஸு எனக்காக நிக்குது. கையக் காட்டுனா மினி பஸ்ஸும் நிக்குது. உங்க வண்டி எனக்காக நிக்குமாங்க?”

அண்ணன் மெஷினில் எதையும் வைக்காமலே நாலு காப்பி எடுத்தார்.

“வர ஞாயித்துக்கிழமை சித்தேரிக்குப் போறோம். வூட்டு வாசல்ல அந்தத் திட்டுலயே ஏறிக்கறேன். வழியில எங்கியாச்சும் கீழ போட்டீங்க, திங்கக்கிழமை சாவி என் தம்பி கையில.”

அண்ணியின் தம்பி பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், ஆறடி உயரம். அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வண்டியை, சந்தையில் மாடு வாங்க வந்தவர் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். விஷயம் கேள்விப்பட்டதும் அவர் ஹெல்மெட் வாங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

அண்ணன் அந்த வாரம் முழுக்கச் சாப்பிடவில்லை. ஜெராக்ஸ் எல்லாம் கோணலாக விழுந்தது. என்னிடம் வந்து, “எதுக்கும் நீயும் உன் ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்துடு பாப்பா” என்றார். வழியைப் பூராவும் மனப்பாடம் செய்திருந்தார். மலைப்பாதையில் சிக்னல் கிடையாது, கேட் கிடையாது. எதிரே வரக்கூடியது சித்தேரி பஸ் ஒன்றுதான். அது கீழே இறங்கி முடித்த பிறகு ஏறினால் எங்கேயும் நிற்க வேண்டாம். பஸ் நேரத்துக்கு வரும் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் மனிதர் தப்பு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி பச்சைப் பட்டுப் புடவையில் வந்து ஏறி உட்கார்ந்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. மலையடிவாரம் வரைக்கும் அண்ணன் ஒரு துளி தண்ணீர் சிந்தாமல் குடம் எடுத்துப் போகிறவர்போல ஓட்டினார். முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவும் போனது. எனக்கே தைரியம் வந்துவிட்டது.

அடுத்த வளைவில் ஹாரன் கேட்டது. பஸ்ஸின் மூக்கு மெல்ல எட்டிப் பார்த்தது, பிறகு முழு பஸ்ஸும் வந்து பாதையை அடைத்தது. அண்ணனுக்கு வேறு வழியே இல்லை. பிரேக் பிடித்து இடது காலை நீட்டினார். அந்த இடத்தில் தார் முடிந்து தரை ஒரு சாண் இறங்கியிருந்தது. கால் தேடியது, தேடியது, கிடைக்கவில்லை.

வண்டி படுத்தது. நல்லவேளை, மலைப்பக்கம். அண்ணி சறுக்கிப் போய்ப் புல்லின்மேல் உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் முழுக்க ஜன்னலில் தலைகள்.

அண்ணன் எழுந்தார். பதறிப்போய் அண்ணியின் கை காலைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கி அண்ணியிடம் நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணி சாவியைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு காலில் இருந்த செருப்பைக் கழற்றி, தார் ரோட்டில் பளார் பளார் என்று அடிக்க ஆரம்பித்தார்.

“என் வூட்டுக்காரர தள்ளிவுடறியா? தள்ளிவுடறியா? இனிமே தள்ளுவியா?”

நடை பழகுகிற பிள்ளை விழுந்தால் தரையை அடித்துச் சமாதானம் செய்வோமே, அதே மாதிரி. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவி, “இன்னும் ரெண்டு போடு ஆத்தா, அந்த ரோட்டுக்கு வேணும்” என்றாள். அதோடு பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். முதலில் அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“இதுக்குத்தானா இத்தன நாளா பயந்துட்டு ஊரச் சுத்துனீங்க? விழுந்தாச்சு. நல்லாத்தான இருக்கறோம்?” என்றார் அண்ணி.

“நான் விழுந்தா பரவால்ல. உன்னக் கீழ போட்டுருவேனோன்னுதான்…” என்று சொல்லி அண்ணன் நிறுத்தினார்.

அண்ணி மூக்கை உறிஞ்சினார். “சரி, சாவியச் சொருவுங்க. பஸ்ஸு நிக்குதில்ல.”

கண்டக்டர் தூக்கிவிட இறங்கி வந்தார். “இருங்க, நாங்களே தூக்கிக்கறோம்” என்று அண்ணி புடவையை இழுத்துச் செருகினார். இரண்டு பேரும் சேர்ந்து தம் பிடித்து வண்டியை நிமிர்த்தினார்கள். பஸ் ஒரு நீள ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆபத்தாகப் போயிற்று. மனிதர் பார்த்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினார். சாமை விளைந்த கொல்லைக்கு நின்றார். ஆட்டுக்குட்டிக்கு நின்றார். ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று, ஒரு காலை ஊன்றி, திரும்பி அண்ணியைப் பார்த்து, “நிக்குது பாரு” என்றார். பின்னாலேயே போன நான்தான் ஒவ்வொரு முறையும் விழப் பார்த்தேன். மேலே டீக்கடையில் இரண்டு பேரும் வண்டியை விட்டு இறங்காமலே, நின்ற வண்டியில் உட்கார்ந்தபடியே டீ குடித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் புது ஹெல்மெட்டோடு தம்பி வந்தார். அண்ணி அவருக்கு இட்லி போட்டு, பஸ் ஏற்றி அனுப்பினார்.

இப்போது அண்ணனுக்கு நிற்பதுதான் வேலை. என்னை ரோட்டில் பார்த்தால் போதும், நட்டநடுவில் நிறுத்தி, ஒற்றைக் கால் கட்டைவிரலில் வண்டியைத் தாங்கிக்கொண்டு, “சாப்டியா பாப்பா?” என்பார். பின்னால் ஹாரன்கள் அலறும். சாப்பிட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் என்ன குழம்பு, என்ன பொரியல், உப்பு எவ்வளவு தூக்கல் என்று நிதானமாகத்தான் சொல்வேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே, பாவம்.