வேலூர் பானுப்ரியா கொடுத்த கிணறு

மனைவியின் பசுமாட்டை எப்படியாவது வீட்டைவிட்டு விரட்டியே தீருவது என்று சக்கரவர்த்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உறுதி எடுத்துக்கொண்டார்.

அந்த மாடு சாணி போட்டதில்லை. யாரையும் முட்டியதில்லை. கத்தும், அவ்வளவுதான். அதுவும் ஸ்பீக்கரைத் திருகினால் அடங்கிவிடும். ஏனென்றால் மாடு இருந்தது கம்ப்யூட்டருக்குள்ளே.

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிற சக்கரவர்த்தி, 2010-ஆம் வருஷம் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியது புடவைக்கு டிசைன் போட. ஆறு மாதத்தில் அவர் போட்டு முடித்த டிசைன் ஒன்றே ஒன்று. மயில் என்று ஆரம்பித்தார், வாத்தாக முடிந்தது. அதோடு மௌஸைத் தொடவில்லை. அப்புறம் சென்னை ஹாஸ்டலில் படிக்கும் மகள் ஜெயப்ரியா லீவுக்கு வந்தாள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து ‘பச்சை வயல்’ என்ற ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

விளையாட்டு இதுதான். துண்டு நிலம் கொடுப்பார்கள். விதைக்கணும், காத்திருக்கணும், அறுக்கணும். விளைந்ததை விற்றால் காசு வரும். அந்தக் காசுக்கு விதையும் கோழியும் கிடைக்கும். மாடு, கிணறு, குதிரை மாதிரி ஆசைப்படுகிற சாமான் வேண்டுமென்றால் ‘தங்க நெல்’ கேட்பான். தங்க நெல்லுக்கு நிஜ ரூபாய். பிரவுசிங் சென்டரில் நூறு ரூபாய்க்கு அட்டை விற்றார்கள். சுரண்டினால் நம்பர், நம்பரைப் போட்டால் நெல்.

அப்படிச் சுரண்டிய அட்டை ஒன்றைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை குப்பைக் கூடையில் பார்த்தார்.

“லட்சுமி! இன்னா இது?”

“அட்டைங்க” என்றாள் ஆதிலட்சுமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அட்டைன்னு தெரியுது. எவ்ளோ ரத்தம் உறிஞ்சிச்சு?”

“நூறு ரூபா. மாடு வாங்கினேன்.”

“நூறு ரூபாய்க்கு மாடு! பால் கறக்குதா?”

“ஆறு மணி நேரத்துக்கு ஒரு தபா கறக்குது.”

“அந்தப் பாலுல எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடு, பார்ப்போம்!”

“காபிச் செடியும் உள்ளயே இருக்குதுங்க. அதுக்குத் தனியா இருவது நெல்லு கேக்கறான்.”

சக்கரவர்த்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவர் கருத்துச் சொல்லப்போகிறார் என்று அதற்கு அர்த்தம்.

“காசுன்னா ஒரு தபா குடுக்கணும். குடுத்தா முடிஞ்சுது. நாம கேரம் போர்டு வாங்கினோம். காய்க்கு ஒரு ரூபா குடு, பவுடருக்கு ஒரு ரூபா குடுன்னு எவனாவது தெனம் வாசல்ல வந்து நின்னானா? விளையாட்டுன்னு பேர் வெச்சுகினு பாக்கெட்டுல கை உட்றான். கையால தொட முடியாத எதுக்கும் இந்த வீட்டுக்காசு ஒரு பைசா போகக் கூடாது. இது சட்டம்!”

“சரிங்க” என்றாள் ஆதிலட்சுமி.

அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் உடனே ‘சரிங்க’ என்றது இரண்டே முறை. முதல் முறைக்குப் பிறகு வீட்டுக்கு மாடி வந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவருடைய மீசை போனது.

பத்து நாள் கழித்துத் தற்செயலாகத் திரையை எட்டிப் பார்த்தார். பகீரென்றது. ஒரு மாடு மூன்று மாடாகியிருந்தது. ஆறு தென்னை. ஒரு மாந்தோப்பு. காற்றாலை ஒன்று சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எவ்ளோ காசு போச்சு?”

“நயா பைசா போகலீங்க. நீங்கதான் சட்டம் போட்டுட்டீங்களே.”

“அப்போ மாடு?”

“வருது.”

“எங்கேர்ந்து?”

“அது பாட்டுக்கு வருதுங்க. வழி உடுங்க, வெங்காயம் அறுக்கணும்.”

சக்கரவர்த்திக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அரை மணியில் தணிந்திருக்கும். வந்தது வேறு. முதுகின் நடுவில், கை எட்டாத இடத்தில் அரிக்குமே, அந்த மாதிரி ஒன்று. மாடு எப்படி வருகிறது? புடவை மடிக்கும்போது அதே யோசனை. சாப்பிடும்போது அதே யோசனை. இவளிடம் நேராகக் கேட்டால் பதில் வராது. வேறு ஆளாகப் போய்க் கேட்டால்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் குப்புராஜ் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். பிளைவுட் தடுப்புப் போட்டு எட்டுக் கம்ப்யூட்டர். மறுநாள் பதினோரு மணிக்குக் கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அங்கே நுழைந்தார்.

“குப்புராஜ், ஒரு சமாச்சாரம். வெளில தெரியக் கூடாது.”

“இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தாண்ணா சொல்றாங்க. உக்காருங்க.”

‘பச்சை வயல்’ கணக்கு ஆரம்பிக்க குப்புராஜ் பேர் கேட்டான். சக்கரவர்த்தி கொஞ்சம் யோசித்தார்.

“பானுப்ரியா.”

“வயசு?”

“இருபத்தெட்டு.”

குப்புராஜ் அவருடைய வழுக்கையை ஒருமுறை பார்த்தான். அப்புறம் இருபத்தெட்டு என்றே தட்டினான். ஊர் வேலூர். முகத்துக்குப் பதில் செம்பருத்திப் பூ. ஆதிலட்சுமிக்கு ‘தோழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பம் போனது. இரண்டே நிமிடத்தில் சேர்த்துக்கொண்டாள். சக்கரவர்த்திக்குச் சுருக்கென்றது. அவரை மாப்பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ள அந்தக் குடும்பம் பதினாலு மாதம் யோசித்தது.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால் தட்டினார்.

“அக்கா வணக்கம். நான் வேலூர். உங்க மாடெல்லாம் சூப்பர். எப்படிக்கா வாங்கறீங்க?”

“வாம்மா பானு. அதெல்லாம் பழகப் பழகச் சொல்றேன். இப்போ எனக்கு ஒரு கெணறு இல்லாமதான் பேஜாரா இருக்குது.”

கிணறு கொடுத்தால் வாய் திறப்பாள் என்று சக்கரவர்த்தி கணக்குப் போட்டார். குப்புராஜிடம் ஒரு அட்டை வாங்கினார். இது செலவில் சேராது, விசாரணை. நம்பரைப் போட்டுக் கிணற்றை அனுப்பினார். அனுப்பிவிட்டு அதைப் பார்த்தார். ராட்டினம் சுற்றியது. வாளி இறங்கியது, ஏறியது, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியது. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் செய்திருக்கிறான், கடன்காரன்.

பானுப்ரியாவுக்கும் ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. மிளகாய் போட்டார். பழுக்க நாலு மணி நேரம் என்றது. ரெண்டு நெல் கொடுத்தால் இப்பவே பழுக்கும் என்றும் சொன்னது. அது எப்படி என்று ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை சோதித்தார்.

மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் கேட்டார். “இன்னிக்கு இன்னா சமையல்க்கா?”

“கத்திரிக்கா கொழம்பு.”

சக்கரவர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கத்திரிக்காய் வேண்டாம் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறார். அவளும் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறாள். விரல் தானாக ஓடியது.

“ஐயையோ அக்கா! நாப்பத்தஞ்சு தாண்டின ஆம்பளைங்களுக்குக் கத்திரிக்கா ஆகவே ஆகாதாம். பேப்பர்ல போட்டிருக்கான்.”

“அப்படியா? நல்லவேளை சொன்னே. ஆமா பானு, நேத்து ஒரு வெள்ளக் குதிரை பார்த்தேன். எவ்ளோ அழகு தெரியுமா!”

குதிரை போனது. மத்தியானம் ஒரு மணிக்கு இலையில் உருளைக்கிழங்கு வறுவல் விழுந்தது.

அந்த நிமிடம் சக்கரவர்த்தி மாட்டையே மறந்துபோனார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒற்றை விரலால், சொந்த வீட்டை ஆளலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்! ஆரணியில் எந்தப் புருஷனுக்குக் கிடைத்தது இந்த யோகம்?

அப்புறம் பானுப்ரியா ஓயவில்லை. வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் இரண்டாவது காபி கொடுத்தால் கோபம் குறையும் என்றாள். காபி வந்தது, ஒரு வாழைத்தோப்பு போனது. சனிக்கிழமை தவறாமல் தேசூரிலிருந்து வந்து சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொள்கிற மச்சான் மணவாளனைப் பற்றியும் நாசூக்காகச் சொன்னாள்: “கூடப்பொறந்தவங்களை அடிக்கடி கூப்ட்டா மரியாதை போயிடும்க்கா.” அந்தச் சனிக்கிழமை நாற்காலி காலி. அதற்குக் கொஞ்சம் கூடுதலாயிற்று. வாத்துகளோடு சேர்த்து ஒரு குளம்.

ஒருநாள் அவருக்கே மனசு உறுத்தியது. “அக்கா, இவன் இப்படித் துண்டு துண்டா காசு புடுங்கறது அநியாயம் இல்லையா?”

பதில் நிதானமாக வந்தது. “எங்க வீட்டுக்காரரும் அதைத்தாம்மா செய்றாரு. பொடவைக்கு ஒரு வெலை சொல்லுவாரு. வாங்கினப்புறம் குஞ்சம் கட்டத் தனி. ஃபால்ஸ் தைக்கத் தனி. அட்டைப் பொட்டிக்குத் தனி. வாங்கறவ பொட்டியக் கட்டிகினா கல்யாணத்துக்குப் போவா?”

“அது வியாபாரம்க்கா.”

“இவன் மட்டும் இன்னா, தண்ணிப் பந்தலா வெச்சிருக்கான்?”

சக்கரவர்த்தி கடைக்குப் போய் யோசனையாக உட்கார்ந்திருந்தார். சந்தவாசலிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களுக்குக் குஞ்சமும் பெட்டியும் இனாம் என்றார். பெண்ணின் தாயார் உடனே புடவையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேட ஆரம்பித்தாள். “சும்மா குடுக்கறாருன்னா எங்கியோ டேமேஜ் இருக்குதுடி” என்றாள். அவர் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஜல்தியா முடிவு பண்ணுங்கம்மா, மொளகா வாடிடும்” என்று சொல்லிவிட்டார். எந்த மிளகாய் என்று கேட்டபடியே அவர்கள் எழுந்து போனார்கள்.

கல்யாண வியாபாரம் கைவிட்டுப்போன அன்றைக்குத்தான் புத்தி வந்தது. கடை மேஜை இழுப்பறையைத் திறந்தார். சுரண்டிய அட்டைகள் பதினேழு. சட்டம் போட்டவர் யார்? மீறியவர் யார்? இதோடு பானுப்ரியாவை அனுப்பிவிட வேண்டியதுதான். குப்புராஜ் சென்டருக்குப் போய்த் தட்டினார்.

“அக்கா, எனக்கு துபாய்ல வேலை கெடைச்சிருக்குது. நாளைக்கு பிளைட்டு. இனிமே விளையாட முடியாது. அங்க நெட்டு இல்ல.”

“துபாய்ல நெட்டு இல்லையா?”

“நான் போற எடத்துல இல்லக்கா. வெறும் ஒட்டகந்தான்.”

“நல்லா இரும்மா.”

“போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. அந்த மாடெல்லாம் எப்படி வந்துச்சு?”

“அதுல இன்னாம்மா இருக்குது? பொறுமையா காத்துகினு இருந்தா, ரெண்டு நாளைக்கு ஒண்ணு அவனே சும்மா குடுக்கறான். கூட வெளையாடற பொம்பளைங்களும் குடுப்பாங்க. அவன் மாட்டை விக்கலம்மா. அவசரத்தை விக்கறான். அவசரம் புடிச்சவங்க வாங்குவாங்க, பாவம்.”

பதினேழு அட்டை கொடுத்து வாங்கிய ரகசியம் அவ்வளவுதான். சக்கரவர்த்தி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்தார்.

மறுநாள் மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு. தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வதக்கல். ரசம் மட்டும் தப்பித்திருந்தது.

“லட்சுமி, இது... இந்த வயசுல எனக்கு ஆகாதுன்னு...”

“யாருங்க சொன்னாங்க?”

“பேப்பர்ல...”

“எனக்கு ஒருத்தி சொல்லிகினு இருந்தா. துபாய் போயிட்டா. எனக்குப் புத்தி சொல்ல இப்போ யாரு இருக்கா? சாப்டுங்க.”

சாயங்காலம் இரண்டாவது காபி வரவில்லை. அதற்குப் பதில் பையைத் தூக்கிக்கொண்டு மணவாளன் வந்தான். “மாமா! ஒரு வாரம் லீவு!” என்று சாய்வு நாற்காலியில் விழுந்தான். நாற்காலி முனகியது. சக்கரவர்த்தியும் முனகினார்.

அடுத்த நாள் கத்திரிக்காய் சாம்பார். அதற்கடுத்த நாள் எண்ணெய்க் கத்திரிக்காய். மணவாளன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாலாம் நாள் காலை சமையலறைப் பக்கம் போனார். முறத்தில் ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு குவியல். சக்கரவர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

ஒருத்தி துபாய் போய் நாலு நாளில் திரும்பி வருவதற்கு என்ன காரணம் சொல்லலாம்? ஒட்டகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாமா? வழியெல்லாம் அதே யோசனை.

அவர் வாயைத் திறப்பதற்குள் குப்புராஜ் மேஜை மேல் இரண்டு அட்டையை எடுத்து வைத்தான்.

“வாங்கண்ணா. இப்பதான் அக்கா போன் பண்ணாங்க. பானுப்ரியா இன்னிக்குத் திரும்பி வந்துடுவாளாம், ரெண்டு அட்டை எடுத்து வெக்கச் சொன்னாங்க.”