கடுகளவு நத்தையும் இரு பெருவேந்தரும்

வாழ்க ஓட்டுக் கோமான்! செத்த சிப்பிகளின் செங்கோல் வேந்தே, பத்தாண்டாய் ஒரு கட்டுரையும் எழுதாமலே நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் நாற்காலி மறவா, உன் சொட்டைத் தலையின் பேரொளி இக்கடலாய்வுக் கூடத்தின் மூன்றாம் மாடியை மின்கட்டணமின்றி விளக்குவதாகுக!

கதிரவன் கைவிட்ட, கலங்கள் அஞ்சிய, மீன்களும் தத்தம் விளக்கைத் தாமே சுமந்து திரியும் ஆழியின் அடியிலிருந்து சேற்றோடு சேறாய் வாரி, சலித்து எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டார்கள் ஒரு நத்தையை. கடுகினும் சிறியது. ஆயினும் என்ன ஓடு! மூன்று சுற்றாய் எழுந்த கோபுரம். சுற்றுதோறும் நூலினும் மெல்லிய வரிகள். வெங்காயச் சருகாய் ஒளி ஊடுருவும் மதில். வாசலுக்கு நகத்துணுக்கு போலொரு மூடி. உள்ளேயோ கண்ணில்லாத தலை, அரம்போல் பல்வரிசை பதித்த நாக்கு, ஒற்றைச் செவுள், சுருண்ட குடல், குடலுக்குள் கடைசியாய்த் தின்ற சேறு. இப்படி இன்னொன்று உலகில் எவரிடமும் இல்லை. இதற்கு முதலில் பெயரிட்டு எழுதுபவர்க்கே காலியாகிவிட்ட துறைத்தலைவர் பதவி என்று இயக்குநர் திருவாய் மலர்ந்திருந்தார்.

எதிர்நின்றவன் வேறெவனுமல்லன், கோமானின் மனைவிக்குத் தம்பி, ஊசிமுனை வீரன், குடற்குரிசில். கோமானுக்குச் சதை என்பது குப்பை. ப்ளீச்சில் கரைத்தெறிந்தால்தான் ஓடு பளிச்சிடும். குரிசிலுக்கு ஓடு என்பது உறை. அமிலத்தில் கரைத்தால்தான் உடல் முழுதாய் வெளிவரும். எதையும் கரைக்காமல் உள்ளும் புறமும் படமெடுக்கும் கருவியொன்று கீழ்த்தளத்தில் சும்மாதான் கிடந்தது. அதற்கு இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், மானமுள்ள அவ்விருவரும் அதை நினைக்கவும் நாணினர்.

"மச்சான், ஓடு வெறும் சட்டை. சட்டையப் பாத்தா ஆளுக்குப் பேர் வைப்பாங்க?" என முழங்கினான் இளையவன்.

"சட்டையில்லாம தெருவுல வந்தா பேர் வைக்க மாட்டாங்க மாப்ள, புடிச்சு உள்ள வைப்பாங்க" என இடித்தான் மூத்தவன்.

"அக்காகிட்ட சொல்லவா?"

"சொல்லு. அவ என்னைக்கு என் கட்சியில இருந்தா?"

இவ்வாறு திக்கெட்டும் அதிர, பக்கத்து அறைத் தட்டச்சர் எழுந்து வந்து கதவைச் சாத்த, முதல்நாட் போர் முடிந்தது.

மறுநாள் உணவு இடைவேளை. படையெல்லாம் சோற்றுப் பொட்டலம் நோக்கிப் பெயர்ந்தபின், இருள்நுழை பூனையென வந்தான் குரிசில். வார்த்தான் அமிலத்தை. பொங்கின குமிழிகள், சாய்ந்தது கோபுரம், சுருண்டு கிடந்தது வெற்றுடல், மானங்கெட்ட மன்னன் போல. அமிலத்தை வடித்து நல்ல நீர் ஊற்றி, வெற்றிப் படமெடுக்கக் கேமரா தேடி அடுத்த அறைக்கு விரைந்தான்.

அக்கணமே, மற்றொரு வாயில் வழியே, யானை நுழைந்தாற்போல் நுழைந்தான் நம் கோமான். கிண்ணத்தின் அடியில் ஒரு புள்ளி தெரிந்தது. நுண்ணோக்கியில் ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்; ஆனால் வேந்தர் குனிவதில்லை, அதிலும் இடுப்புப் பிடிப்புள்ள வேந்தர் குனிவதேயில்லை. நீரை வடித்தான், ப்ளீச்சை வார்த்தான், "ஒழிந்தது சதை, வென்றது ஓடு!" என்று ஒழிந்த ஓட்டின் வெற்றியைத் தனியே நின்று முரசறைந்தான்.

கேமராவும் கையுமாய் மீண்டான் குரிசில். இருவரும் கிண்ணத்துள் நோக்கினர். தெள்ளிய நீரைக் கண்டனர், நீரையே கண்டனர்.

"என் உடம்பு எங்க மச்சான்?"

"என் ஓடு எங்கடா?"

கடலடியில் கணக்கற்ற காலம் பேரழுத்தம் தாங்கி நின்ற குலத்தின் ஒரே தூதனை, பட்டம் பெற்ற இரு மேதைகள் ஒரு மதியவேளைக்குள், ஆளுக்குப் பாதியாய், யாரும் கேட்காமலே துடைத்தெறிந்தனர். அண்டம் குலுங்கவில்லை. ஆழி பொங்கவில்லை.

அடுத்த மாதம் துறைத்தலைவர் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள்.