ரதியின் குட்டி லோரி

"டிங்!"

கத்தி முனையில் அறுபட்ட பித்தளைத் துண்டு ரதியின் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. அரை அரிசி அளவுதான். அவள் செய்துகொண்டிருந்த குட்டி லோரியின் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பி அது. காகிதம் போன்ற தகட்டில் பொறித்து வரும் இந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து, வளைத்து, ஒட்ட வேண்டும். குட்டி வண்டிகள் செய்யும் போட்டி சிரம்பானில். அன்று மதியம் இரண்டு மணிக்குள் லோரியைக் கொடுத்தாக வேண்டும்.

ரதி, எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவள். "பொம்பளைக்குப் பொம்மை லோரிதான் லாயக்கு" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியம் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"பொம்மை லோரியே கொண்டு போறேன். கப்போட வந்து உங்க மேசையில வைக்கிறேன்" என்று அவளும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அவள் நாற்காலியைத் தள்ளித் தரையில் தேடும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சசிதரன் எட்டிப் பார்த்தான். சிரம்பான் பக்கத்து ராசா என்ற ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் எஸ்டேட் ஆபீசுக்குக் கணக்கெழுத வந்த புதுக் கிராணி. யாருக்கு என்ன உதவி என்றாலும் முதல் ஆளாக நிற்பவன்.

"என்னக்கா தேடுறீங்க? காந்தம் இருக்கு, தரவா?"

ஒரு மணி நேரம் காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தாள். ஆணி, ஊசி, பழைய பேட்டரி எல்லாம் வந்தன.

"சசி, இது பித்தளைடா! காந்தத்துல எங்க ஒட்டும்?"

"அடடா! அப்ப ஃபேனைப் போடுங்கக்கா. தூசி விலகினா பளிச்சுனு தெரியும்."

போட்டாள். மேசையில் மிச்சமிருந்த ஏணியும் இரண்டு கைப்பிடிகளும் ஜன்னல் வழியாகப் போயின.

"பரவால்லக்கா. முன்பக்கச் சல்லடையையாவது ஒழுங்கா வளைங்க. அடுப்புல நல்லா காட்டினா மெத்துனு ஆயிரும்."

காட்டினாள். சல்லடை கருகிய அப்பளமாகச் சுருண்டது.

அதை நிமிர்த்தி ஒட்டும்போது, "கம் தாராளமா ஊத்துங்கக்கா" என்றான். ஊற்றினாள். கட்டைவிரல் கதவோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்ததில் கதவு விரலோடு வந்துவிட்டது.

சசிதரன் பெருமூச்சு விட்டான். "விட்டுருங்கக்கா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்லா."

ரதிக்கு அழுகை முட்டியது. மணியத்தின் பல் தெரிந்த சிரிப்பு நினைவுக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"அடுத்த வருஷமா? நடுக்காட்டுல டயர் வெடிச்சப்பவே நான் லோரிய விட்டுட்டு நடந்தது இல்ல!"

மைலோ டின்னைக் கத்தரித்துக் கண்ணாடித் தாங்கி செய்தாள், ஏணி செய்தாள். கதவைக் கோணலாக ஒட்டினாள். லோரியை ஒரு பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டி முறுக்கினாள்.

ஒன்று ஐம்பதுக்குப் பதிவு மேசை முன் நின்றாள். பின்னாலேயே காரில் வந்து இறங்கி ஓடிவந்த சசிதரன் மூச்சிரைக்க, "அக்கா, இந்தக் கோலத்துலயா வைக்கப் போறீங்க? சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கட்டும்!" ரதி பெட்டியைத் திறந்தாள். "கதவு கோணல், சல்லடை கருகல், பாதி மைலோ டின். ஆனா என் லோரி. பேரை எழுதும்மா!"

மேசையிலிருந்த பெண் எழுதி முடித்து நிமிர்ந்தாள். ரதியின் தோளுக்குப் பின்னால் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க சசி அண்ணா! போன வருஷம் ஜெயிச்ச கப்பைத் திருப்பிக் கொண்டு வந்தீங்களா, இல்ல இந்த வருஷமும் உங்களுக்கேதானா?"