லிஃப்ட் கம்பெனிக்கு நான் எழுதிய பாராட்டு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே நானும் என் பேனாவும் சுகம். உங்கள் தங்கையின் இடது முழங்காலைத் தவிர வீட்டில் மற்ற எல்லாமும் சுகம். அங்கே நீங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை இன்று இங்கிருந்து கிளம்பி, வழியில் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அங்கே வந்து இறங்குகிறாள். பெட்டி கனமாக இருக்கும், ஸ்டேஷனுக்கு நீங்களே போய் அழைத்துக்கொள்ளவும். திரும்பி வருவது சந்தேகம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வாயிலிருந்து கதையைக் கேட்பதற்கு முன்னால் என் பக்கத்து நியாயமும் உங்கள் கையில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தபால் அவளை முந்திவிடும். காலமெல்லாம் தபால் பிரித்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. எனக்குப் பரவாயில்லை, ஏறி இறங்கிவிடுவேன். உங்கள் தங்கைக்கு அந்த முழங்காலோடு ஒரு மாடி இறங்குவதே பெரும்பாடு. அவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட் கம்பெனி ஆங்கிலத்தில் எழுதினால்தான் அசையும் என்று யாரோ சொல்ல, மாடிக்காரர்கள் எல்லோரும் கூடி அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் கொஞ்சம் காட்டமாகவே ஒரு புகார் எழுதிப் போட்டேன். இங்கேதான் விதி விளையாடியது. பதில் வந்தது. மைத்துனரே, அது பதிலா? உத்தியோக காலம் முழுவதும் உறையின் முகத்தை மட்டுமே பார்த்தவன் நான். உள்ளே இப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

'வீ டீப்லி ரிக்ரெட் தட்' என்று தொடங்குகிறது. லிஃப்ட் ஓடாததற்கு வருந்துகிறார்களாம், சும்மா இல்லை, ஆழமாக. அடுத்தது 'வீ ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட் தட்'. எங்கள் சிரமம் அவர்களுக்குப் புரிகிறதாம், முழுதாக. கடைசியில் 'வீ சின்சியர்லி ஹோப் தட்'. சீக்கிரம் ஓடும் என்று நம்புகிறார்களாம், உளமார. நான் அன்று முழுக்க அந்தத் தாளையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு சொல் நிற்கிறது, அதை எடுத்து இதற்குப் போட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. 'ஃபுல்லி ரிக்ரெட்' என்று எழுதிப் பார்த்தேன், பல்லை இளித்தது. உறுதியாக என்று 'ஃபர்ம்லி ஹோப்' போட்டேன், அதுவும் சரிப்படவில்லை. ஆனால் அதே 'ஃபர்ம்லி'யை 'பிலீவ்' பக்கத்தில் நிறுத்துங்கள், ஜாதகம் பார்த்துச் சேர்த்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. சந்தேகப்பட வேண்டுமென்றால் 'ஸ்ட்ராங்லி சஸ்பெக்ட்'. தப்பை ஒத்துக்கொள்வதற்கு 'ஃப்ரீலி அட்மிட்'. ஒத்துக்கொள்வதைக்கூடத் தாராளமாகச் செய்கிற பாஷை. அதை வியக்காமல் என்ன செய்வது?

இன்னொன்று கவனித்தேன். நாம் விஷயத்தை முதலில் கொட்டிவிட்டு, ஒரு 'என்று' போட்டு, கடைசியில்தான் அதை நம்புகிறோமா, வருந்துகிறோமா, சந்தேகப்படுகிறோமா என்று சொல்கிறோம். கேட்கிறவன் அதுவரை காத்திருக்க வேண்டும். அவர்கள் அப்படியில்லை. வாசலிலேயே நின்று, 'நான் வருந்துகிறேன், இவ்வளவு வருந்துகிறேன்' என்று முகத்தைக் காட்டிவிட்டு, 'தட்' என்று ஒரு சின்னக் கதவைத் திறந்து, அதற்கப்புறம்தான் விஷயத்துக்குள்ளே கூட்டிப் போகிறார்கள். இதை உங்கள் தங்கையிடம் ஆசையாகப் படித்துக் காட்டினேன். அவள் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பாமல், "லிஃப்ட் எப்ப ஓடும்னு போட்டிருக்கா?" என்றாள். "அது கதவுக்கு உள்ள இருக்கிற விஷயம். நீ முதல்ல வாசலைப் பாரு" என்றேன். "நான் வாசலைப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் பதிலை எழுதிய கைக்கு ஒரு பதில் எழுதினேன். 'நீங்கள் ஆழமாக வருந்துவதை நான் முழுதாகப் புரிந்துகொள்கிறேன், உங்களைப் போல எழுதுகிறவர்கள் அபூர்வம் என்று உறுதியாக நம்புகிறேன்' என்று அவர்களுடைய ஜோடிகளையே எடுத்து அவர்களுக்கே அடுக்கினேன். அதற்கு இன்னும் அழகான பதில் வந்தது. நான் விடுவேனா? இப்படிப் போக வர, நாலாவது கடிதத்தில் லிஃப்டைப் பற்றி எழுத மறந்தே போனேன். அதற்கு வந்த பதிலில் ஒரே ஒரு வரி மட்டும் தனியாக இருந்தது: 'தங்கள் பாராட்டுக்கு நன்றி. தங்கள் புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது.' பாராட்டி எழுதினால் புகாரை முடித்துவிடுவது அந்த ஆபீஸ் விதியாம். எனக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து படியில் எதிரே வருகிற ஒருவரும் என் முகத்தில் விழிப்பதில்லை. ஐந்தாவது மாடி தையல்காரர் என் சட்டையைப் பித்தான் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்கள் தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "லிஃப்ட் ஓடற அன்னிக்கு நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றது சந்தேகம்" என்றாள். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்காமல், "லேசான சந்தேகமா, ஸ்ட்ராங்கான சந்தேகமா?" என்று கேட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவளே போனை எடுத்து லிஃப்ட் கம்பெனிக்குப் பேசினாள். எனக்குப் பதில் எழுதுகிற அம்மாளே எடுத்திருக்கிறார். நான் சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யார் வீடு என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு ஏக சந்தோஷம். குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது. "சாரோட வீடாம்மா? இந்த ஆபீஸுக்கு இதுவரைக்கும் வந்த ஒரே பாராட்டு சார் எழுதினதுதாம்மா. மேனேஜர் அதை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில மாட்டியிருக்கார்." உங்கள் தங்கை நிதானமாகச் சொன்னாள்: "அதைக் கழட்டி வச்சிட்டு ஆளை அனுப்புங்க. என்னால கீழ இறங்க முடியலை." அவ்வளவுதான். ஒரு முன்சொல் இல்லை, வினைக்குத் துணை இல்லை. மறுநாள் காலையில் மெக்கானிக் வந்துவிட்டார். நான் அந்த அம்மாளை வியந்தேன் என்றால், அன்று உங்கள் தங்கையை அதைவிட வியந்தேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் பேச்சை நான் சரியாகக் கேட்டதில்லை.

லிஃப்ட் இன்று காலை ஓட ஆரம்பித்தது. அவள் சொன்ன சொல் தவறாதவள். பெட்டியைக் கட்டினாள். "கீழ வரைக்கும் வரட்டுமா?" என்றேன். "வேண்டாம், லெட்டர் எழுதறீங்களே, எழுதுங்க" என்றாள். இதோ, இந்த வரியை எழுதும்போது லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டாள்.

மைத்துனரே, இனி நான் எழுதுவதற்கு எந்த முன்சொல்லும் பொருந்தவில்லை, தேடியும் பார்த்துவிட்டேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குத் தெரியாது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், நாலு நாள் கழித்து என்னைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், பாராட்டத் தெரிந்தவன் என்றாவது சொல்லுங்கள். அவளைத் திருப்பி அனுப்பி வையுங்கள்.

தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள், பெரியவர்களுக்கு என் வணக்கம், வீட்டுக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (இன்று காலை நிலவரப்படி)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் வீண். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் மறுபடி எழுதக் கையில் தெம்பில்லை. உங்கள் தங்கை சௌகரியமாகக் கீழே போய் இறங்கியிருக்கிறாள். காவல்காரர் பெட்டியை வண்டியில் ஏற்றியிருக்கிறார். லிஃப்ட் அவள் முதுகுக்குப் பின்னால் தானாக மேலே கிளம்பி, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் போய் நின்றுவிட்டது. தெருவில் இறங்கியாகிவிட்டது, வண்டி நிற்கிறது, போக வேண்டியதுதானே? வண்டியை அனுப்பிவிட்டு, பெட்டியைக் காவல்காரரிடம் விட்டுவிட்டு, அந்த முழங்காலோடு ஆறு மாடியும் ஏறி வந்திருக்கிறாள். மாடிக்கு ஒரு வீட்டில் நாற்காலி கேட்டு உட்கார்ந்து, எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்ததால் மத்தியானம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் மூச்சு வாங்க நிற்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "நான் போயிட்டா நீங்க மறுபடியும் அவங்களைப் பாராட்டி எழுதி, புகாரை முடிச்சு வச்சிடுவீங்க. அப்புறம் நான் திரும்பி வரும்போது எப்படி மேல ஏறுறது?"